42,500 ரூபாய் தண்டம்: நிறுத்திவைத்த பழைய காரை ஓட்டவைக்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் வெட்கம் வந்துவிடும், எழுத மாட்டேன். 42,500 ரூபாய். மூன்று நாளாகத் தூக்கத்தில்கூட அந்த எண்தான் வருகிறது.

வண்டி அப்பாவுடைய மாருதி 800, 1997-ல் வாங்கியது, கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற பாகம்) மாடல். 2019-ல் அவர் போனதிலிருந்து சேலத்தில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. விற்க அம்மாவுக்கு மனம் வரவில்லை, ஓட்ட எனக்கு நேரம் வரவில்லை. ஆர்.சி. 2022-லேயே முடிந்துவிட்டது. 15 வருடம் தாண்டிய வண்டி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டித்தான் புதுப்பிக்க வேண்டும். காட்டுவதற்கு முதலில் அது ஓட வேண்டுமே!

அப்போதுதான் போனில் ஒரு ஒர்க்‌ஷாப்பின் வீடியோ. பழைய கார்களை உயிர்ப்பித்து ரீல்ஸ் போடுகிறவர்கள், ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரம். பெயர் போட மாட்டேன். கூப்பிட்டேன், மறுநாளே இரண்டு பேர் வந்தார்கள்.

நான் ஏமாந்த இடம் எதுவென்று எனக்கு நன்றாகத் தெரியும். வந்தவர்களில் பெரியவன், கதவைத் திறந்ததும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தான். "அப்பா வண்டிங்களா ணா? இதப் போயி காயலான் கடைக்குப் போட்டுறாதீங்க" என்றான். வாசலில் நின்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், விழுந்தேன்.

அப்புறம் அவர்கள் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, கார்ப்பரேட்டர் வாயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, செல்ஃப் அடித்தார்கள். ஆறு வருடம் கிடந்த இஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு நாலைந்து விநாடி உறுமி நின்றது. சின்னவன் வீடியோ எடுத்தான். நான் கை தட்டினேன், அதுவும் அந்த வீடியோவில் இருக்கிறது. வாயில் ஊற்றிய பெட்ரோல் எரிந்து தீரும்வரை எந்த இஞ்சினும் அப்படித்தான் ஓடும் என்று இப்போது தெரிகிறது. அன்று அது அப்பாவே வந்து இருமியது போல இருந்தது. அந்தச் சூட்டிலேயே 25,000 யுபிஐ-யில் அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து வண்டி வந்தது. கழுவி, பாலீஷ் போட்டு, பளபள. வெள்ளைத்தாளில் கையால் எழுதிய கணக்கு: கார்ப்பரேட்டர் ஓவராயில், பெட்ரோல் டேங்க் இறக்கிக் கழுவியது, பின் வீல் சிலிண்டர் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்துகிற பாகம்) புதுசு 2, பேட்டரி புதுசு, முன் டயர் புதுசு 2. கடை முத்திரை இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. மீதி 17,500-ஐயும் கொடுத்தேன். ஆக 42,500.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். ஆர்.சி. இல்லாமல் ரோட்டில் எடுத்தது என் தப்பு, அதை மறைக்கவில்லை. ஐந்து ரோடு மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றது. பின்னால் டவுன் பஸ். வண்டி பின்னோக்கி நகர ஆரம்பித்ததும் பிரேக்கை மிதித்தேன், பெடல் மெத்தையில் கால் வைத்தது போலத் தரை வரை போனது. ஹேண்ட் பிரேக்தான் காப்பாற்றியது. அம்மா தேங்காய்ப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டு ஆட்டோக்காரர்கள் இறங்கி வந்து ஓரம் தள்ளிவிட்டார்கள்.

போன் போட்டேன். முதல் நாள், "ஆடிப் பண்டிகை ணா, பசங்க யாரும் வரல." இரண்டாம் நாள், "பெட்ரோல் எந்த பங்க்ல போட்டீங்க?" அப்புறம், "வண்டிய இங்க கொண்டாந்து விடுங்க, பாக்கலாம்." ஓடாத வண்டியை எப்படி ஐயா கொண்டுவருவது? ரெக்கவரி வண்டிக்கு 2,500, அதுவும் நான்தான் தர வேண்டுமாம். போலீஸுக்குப் போவேன் என்றதும் குரல் மாறியது. "ஆர்.சி. இல்லாத வண்டிய ரோட்ல ஓட்டுனது நீங்க. போங்க, கேஸ் யாரு மேல விழுதுன்னு பாக்கலாம்." செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்த அதே ஆள்.

கடைசியில் குகைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டி வந்தேன். கார்ப்பரேட்டரைத் திறந்து, மிதவை இருக்கும் கிண்ணத்தை என் மூக்கருகே நீட்டினார். அடியில் வெல்லப்பாகு மாதிரி பழுப்புப் பிசின், வார்னிஷ் வாடை. பழைய பெட்ரோல் காய்ந்தால் அப்படித்தான் ஆகுமாம். மேலே ஸ்பிரே மட்டும் அடித்திருக்கிறார்கள். டேங்கைத் தாங்கும் போல்டுகளில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. இறக்காத டேங்கை எப்படிக் கழுவினான்? வெளியே கறுப்புப் பெயிண்ட், உள்ளே துரு. அந்தத் துருதான் ஃபில்டரில் போய் அடைத்திருக்கிறது. சமதளத்தில் கொஞ்சம் பெட்ரோல் போதும் என்பதால் ஓடியது, ஏற்றத்தில் பத்தாமல் நின்றது.

பின் சக்கரத்து பிரேக் டிரம்மைக் கழற்றினால் அதே பழைய வீல் சிலிண்டர்கள். ரப்பர் வெடித்து, பிரேக் ஆயில் ஒழுகி, பிரேக் ஷூவெல்லாம் ஈரம். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும், நிறுத்திவைத்த வண்டிக்கு முதலில் பார்க்க வேண்டியது இஞ்சின் இல்லை, பிரேக் என்றார். "இதுல அம்மாவ வெச்சு மேம்பாலம் ஏறுனியா கண்ணு?" அதற்கு நான் என்ன பதில் சொல்வது.

பேட்டரியில் வரிசை எண் சுரண்டப்பட்டிருந்தது. புது டயரில் தேதி எண் 1116. அதாவது 2016-ன் 11-வது வாரம்.

விவரமாக வழிமுறை எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவை மட்டும். வெகுநாள் நின்ற இஞ்சினுக்கு எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்க விடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகுதான். பழைய பெட்ரோலை மொத்தமாக வடித்துவிடுங்கள். மாற்றியதாகச் சொல்லும் ஒவ்வொரு பழைய சாமானையும் கையில் கேட்டு வாங்குங்கள். டயரில் அந்த நாலு எண்ணைப் படியுங்கள். முத்திரை போட்ட பில் இல்லாமல் மீதிப் பணம் வேண்டாம். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன், வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியுமோ பார்ப்போம்.

அம்மாவிடம் இன்னும் 42,500 என்று சொல்லவில்லை. 20,000 என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அதற்கே, "அவ்வளவா?" என்றார்.