டிரைசூட்டில் மிதப்பு: காற்றைச் சூட்டுக்குள் விடுவதா, பிசிடிக்குள் விடுவதா?

பெங்களூரிலிருந்து ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவுக்கு டைவிங் போகிறவர்கள் முதலில் டிரைசூட் (உடம்பில் தண்ணீர் படாமல், உள்ளே காற்றோடு இருக்கும் டைவிங் உடை) பழக வேண்டியிருக்கிறது. அங்கே தண்ணீர் ஆண்டு முழுக்க 2 முதல் 4 டிகிரி. டிரைசூட் சான்றிதழோ முன் டைவ்களின் பதிவோ இல்லாமல் இறக்கமாட்டார்கள். பழகும்போது இரண்டு கட்சிகளைச் சந்திப்பீர்கள்.

முதல் கட்சி: தண்ணீருக்கடியில் சூட் மட்டும் போதும், பிசிடி (டேங்கைத் தாங்கும், காற்றடைத்து மிதக்கும் சட்டை) மேற்பரப்பில் மிதக்க. தொடக்கநிலை வகுப்புகளில் பெரும்பாலும் இதுதான். ஆழம் போகப்போக அழுத்தம் சூட்டை உடம்போடு சேர்த்து இறுக்கும். அதைத் தளர்த்த எப்படியும் சூட்டுக்குள் காற்று விட்டாக வேண்டும். அந்தக் காற்றே மிதப்பையும் பார்த்துக்கொண்டால், மேலேறும்போது இடது தோளுக்குக் கீழே காற்றை வெளியேற்றும் ஒரே வால்வைக் கவனித்தால் போதும். வால்வை முழுக்கத் திறந்து வைத்து, சூட்டுக்குள் காற்று விட மார்பிலுள்ள பொத்தானை அரை நொடி அரை நொடியாக அழுத்துங்கள். நீளமாக அழுத்தினால் குளிர்நீரில் பொத்தான் உறைந்து திறந்தபடியே நின்றுவிடலாம்.

இரண்டாம் கட்சி: சூட்டுக்கு இறுக்கம் தளரும் அளவு மட்டும், மிச்சமெல்லாம் பிசிடிக்கு. இரட்டை டேங்க் கட்டுகிறவர்கள் இந்தப் பக்கம். மேலேறும்போது இரண்டு இடத்தில் காற்று விரியும், இரண்டையும் காலி செய்ய வேண்டும். புதியவருக்கு இது சுமைதான்.

உண்மையில் இந்தச் சண்டையைத் தீர்ப்பது வெயிட் பெல்ட், அதாவது மூழ்க உதவும் ஈயக்கட்டிகள் கோத்த இடுப்புப் பட்டை. தேவைக்கு மேல் 4 கிலோ ஈயம் கட்டினால், அதை ஈடுகட்ட ஏறக்குறைய 4 லிட்டர் கூடுதல் காற்று வேண்டும். 10 மீட்டரில் 4 லிட்டராக இருப்பது மேற்பரப்பில் 8 லிட்டர். சூட்டுக்குள் அது ரசமட்டக் குமிழ் மாதிரி எப்போதும் உயரமான இடத்துக்கே ஓடும். தலை தாழ்ந்தால் காலுக்குப் போகும். வால்வு கீழே மாட்டிக்கொள்ள, காற்று வெளியேற வழியில்லாமல் கால் முன்னால் மேலே இழுத்துப் போய்விடும். உடனே முழங்காலை மார்போடு மடக்கி, குட்டிக்கரணம் போட்டுத் தலையை மேலே கொண்டுவந்து, இடது முழங்கையை உயர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். கையை உயர்த்தினால் போதாதா என்றால், மணிக்கட்டு, தோள் வால்வைவிட மேலே போய், அங்குள்ள ரப்பர் வளையம் வழியாகக் காற்று போய்த் தண்ணீர் வரலாம். முழங்கைதான் சரி.

ஆக, பெல்ட்டில் எவ்வளவு? டேங்கில் 50 பார் அழுத்தம் (டைவ் முடிவில் மிஞ்சும் அளவு), பிசிடி காலி, சூட் வால்வு திறப்பு. சாதாரண மூச்சு பிடித்து நிற்கும்போது தண்ணீர் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். நிரம்பிய 11 லிட்டர் டேங்கோடு சோதித்தால் 2 கிலோ கூட்டுங்கள். டைவ் முடிவதற்குள் அவ்வளவு எடையுள்ள காற்று தீர்ந்துவிடும்.

பெங்களூரின் நீச்சல் குளத்தில் ஒரு சிக்கல் உண்டு. வியர்வைக்குப் பயந்து உள்ளே மெல்லிய உடை போடுவார்கள். சில்ஃப்ராவில் தடித்த உள்ளுடை. அதில் தேங்கும் காற்று அதிகம், ஈயமும் அதிகம் வேண்டும். குளத்து எண்ணிக்கையை அப்படியே எழுதிக்கொண்டு போகாதீர்கள், அங்கே மறுபடி சோதியுங்கள். இரண்டும் நன்னீர் என்பதால் உப்புக் கணக்கு வராது. கர்நாடகத்தின் நேத்ராணித் தீவுக் கடலில் பழகிய எண்ணிக்கை என்றால், ஆளும் சாமானும் 100 கிலோவுக்கு ஏறக்குறைய 2.5 கிலோ குறைக்க வேண்டும். குளம் ஆழமில்லை என்றும் சலிக்க வேண்டாம். 3 மீட்டரிலிருந்து மேலே வந்தால் காற்று 30 சதவீதம் விரியும். 18லிருந்து 15க்கு வந்தால் 12 சதவீதம்தான். 2 மீட்டரில் அசையாமல் நிற்பவருக்கு ஆழம் சுலபம்.

ஒற்றை டேங்க், 18 மீட்டருக்குள், ஈயம் சரி என்றால் சூட் முறையையே முதலில் பழகலாம். சில்ஃப்ராவின் ஆழ வரம்பும் அதுதான். இரட்டை டேங்கோ அதிக ஆழமோ என்றால் பிசிடி முறை.

ஆனால் முதல் கட்சிக்காரரும் பிசிடி முறையை ஒரு முறையாவது குளத்தில் செய்து பார்க்க வேண்டும். சூட்டின் பொத்தான் உறைந்து காற்று பாய்ந்தால் டேங்கிலிருந்து வரும் குழாயை மார்பிலிருந்து கழற்றி, வால்வைத் திறந்துவிட வேண்டும். அதற்குமேல் ஆழம் இறங்கக்கூடாது. மிதப்புக்குப் பிசிடி மட்டும்தான். டைவை முடித்துக்கொண்டு, ஏறும்போது இரண்டிலிருந்தும் காற்றை வெளியே விட்டபடி வர வேண்டும்.