‘15 நாளில் ஹேண்ட்ஸ்டாண்ட்’: கடற்கரை வகுப்புக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ராமநாதபுரம் மாவட்டம் அரியமான் கடற்கரைப் பக்கம் நடந்த ‘15 நாளில் ஹேண்ட்ஸ்டாண்ட்’ வகுப்புக்கு ஆளுக்கு 4,500 ரூபாய். பதினாறாம் நாள், பிடிமானம் இல்லாமல் தலைகீழாகக் கையில் நிற்கத் தெரிந்தவர் அதில் ஒருவர்கூட இல்லை. இரண்டு பேர் மணிக்கட்டில் கட்டோடு திரிகிறார்கள். அதே விளம்பரம் இப்போது வேறொரு கடற்கரையின் பெயரோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நடத்தியவர் பெயரை இங்கே போடவில்லை. ஆள் மாறினாலும் வகுப்பு இப்படித்தான் இருக்கும் என்பதால், நடந்த விதத்தைத் தெரிந்துகொண்டாலே போதும்.

ஒரு மணி நேரம், 22 பேர், ஒரே பயிற்சியாளர். கணக்குப் போட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம்கூட வராது. முதல் நாளே காலை உதைத்து ஏறச் சொல்லி, கணுக்காலைப் பிடித்து மேலே இழுத்து, ஒரு வீடியோ. அடுத்த ஆள். வீட்டுக்கு அனுப்பிய வீடியோவில் பிடித்த கை தெரியாதபடி ஓரம் வெட்டப்பட்டிருக்கும். கணுக்காலைப் பிடித்து இழுத்தால் உடம்பு கசாப்புக் கடை ஆடு மாதிரி மேலிருந்து தொங்கும். எடை உள்ளங்கைக்கு இறங்காது, கை எதையும் கற்றுக்கொள்ளாது. விவரம் தெரிந்தவர் பக்கவாட்டில் நின்று இடுப்பையோ தொடையையோ தொடுவார். பிடிப்பார், விடுவார், சாயும்போது மட்டும் திரும்பப் பிடிப்பார். அந்த விடுகிற நொடியில்தான் பாடம் இருக்கிறது.

அந்த வகுப்பின் தரத்தை அங்கே மணலில் கிடந்த கைத்தடங்களே சொல்லிவிடும். மணிக்கட்டை ஒட்டிய பகுதி இரண்டு விரற்கடை ஆழம் புதைந்திருக்கும். விரல்நுனி இருந்த இடத்தில் மணல் கலைந்தே இருக்காது. தலைகீழாக நிற்கிறவரின் எடை விரல்நுனிக்கும் உள்ளங்கை அடிக்கும் நடுவே உள்ள கொஞ்ச இடத்துக்குள்தான் நிற்க வேண்டும். முதுகுப் பக்கம் சாய்ந்தால் விரல்நுனியால் தரையை அழுத்தி மீட்பார்கள். ஏறிய பக்கமே கால் திரும்பி விழப் பார்த்தால் உள்ளங்கை அடியை ஊன்றித் தோளை முன்னால் கொண்டுபோவார்கள். காய்ந்த மணலில் விரல் அழுத்தினால் மணல் நழுவுகிறது, அழுத்தம் வீண். உள்ளங்கை அடி புதையப் புதைய மணிக்கட்டு 90 பாகையையும் தாண்டி மடங்குகிறது. கட்டு போட்டவர்கள் கதை இதுதான். அலை நனைத்த மணல் இறுக்கமானது, ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும், ஒரு தோளுக்கு எடை கூடும். உடைந்த சிப்பியும் தூண்டில் முள்ளும் வேறு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மண் நேரே மூக்குக்குள்தான். மணல் விழப் பழக நல்லது. நிற்கப் பழகச் சிமெண்ட் தரையும் ஒரு சுவரும் வேண்டும். தடித்த மெத்தை வேண்டாம், அதுவும் மணல் மாதிரியே அமுங்கும்.

அனுபவமுள்ள ஆசிரியர் முதல் நாள் யாரையும் தலைகீழாக்க மாட்டார். தவழும் நிலையில் வைத்து, உள்ளங்கை தரையைவிட்டுக் கிளம்பாமல் தோள் மணிக்கட்டுக்கு முன்னால் போகிறதா என்று பார்ப்பார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, கீழ்முதுகு தரையில் ஒட்டியபடி கைகளைக் காதோரம் நீட்டச் சொல்வார். கை தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நின்றால், அந்த விறைத்த தோளோடு தலைகீழாகும்போது முதுகு வாழைப்பழமாக வளையும். அதைச் சரிசெய்யவே சிலருக்கு ஒரு மாதம் ஆகும்.

அடுத்து, விழுவது. முதுகுப் பக்கம் கவிழ்கிறோம் என்று தெரிந்ததும் ஒரு கையை எடுத்து விழும் திசையில் வைத்து, இடுப்பைத் திருப்பி, கால்களைப் பக்கவாட்டில் இறக்குவது. இது பழகாதவர் பயத்தில் முழங்கையை மடக்குவார், தலையும் கழுத்தும் தரையில் மோதும். அந்த வகுப்பில் பதினைந்து நாளில் ஒருநாள்கூட இதைச் சொல்லித்தரவில்லை. எங்களுக்குப் பெரிய குற்றமாகப் படுவது இதுதான், பணம்கூட அப்புறம்தான்.

பிறகு சுவர். சுவருக்கு முதுகு காட்டிக் குனிந்து கையை ஊன்றி, காலால் சுவரில் ஏறி, கடைசியில் வயிறு சுவரைப் பார்க்க, மணிக்கட்டு சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில். முழங்கை பூட்டியிருக்கும், தரையைத் தள்ளித் தோள் காதுவரை உயர்ந்திருக்கும். 30 விநாடி, ஐந்து முறை. அது நடுக்கமில்லாமல் வந்தபின் கால்விரலை மெல்லச் சுவரைவிட்டு எடுத்து, கைவிரலால் தாங்கப் பழக்குவார். உதைத்து ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகு. வாரம் நான்கு நாள், 20 நிமிடம் என்று போனாலும் தனியாக 10 விநாடி நிற்கப் பல மாதங்கள் ஆகும். சிலம்பம், கரணம் என்று சிறு வயதில் ஆடியவர்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரலாம்.

இரத்தக் கொதிப்பு, கண் அழுத்த நோய், விழித்திரைக் கோளாறு உண்டா என்று அங்கே யாரையும் கேட்கவில்லை. சிரசாசனத்தில் கண்ணுக்குள் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கையில் நிற்பதும் தலைகீழ்தான்.

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பயிற்சியாளர் கையில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது முக்கியமே இல்லை. அவரிடம் ஆறு மாதம் படித்த ஒருவரை நிற்கச் சொல்லிக் கேளுங்கள். “முதலில் எப்படி விழச் சொல்லித்தருவீர்கள்?” என்றும் கேளுங்கள். சிரித்து மழுப்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஜிபே ரசீது, மருத்துவச் சீட்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. “வகுப்புக் குரூப்பை விட்டு வெளியேறினால்தான் பணம் திரும்பும்” என்று சிலருக்குச் செய்தி வந்திருக்கிறது. சாட்சி எல்லாம் அந்தக் குரூப்பில்தான் கிடக்கிறது. வெளியேறாதீர்கள்.