மூன்று வருஷம், ஆறு காட்டர் பின்

போன வாரம்தான் என் பழைய சைக்கிளில், பெடல் தண்டை ஆக்சிலோடு பூட்டும் காட்டர் பின்னை, ஆறாவது தடவையாக அடித்து முடித்தேன். கை வலி போகவில்லை, அதற்குள் நண்பன் போன் போடுகிறான். "மாப்ளே, எங்க தாத்தா சைக்கிள் மாட்டுக்கொட்டாயில கெடக்குது. உன்னாட்டவே ஊட்டுலயே வெச்சுப் பண்ணீர்லாம்னு இருக்கறன். எப்படி ஓடுது உன்ற வண்டி?" அன்று அவனிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. ஆறிவிட்டது, இப்போது கொஞ்சம் நியாயமாகவே எழுதிப் பார்க்கிறேன்.

வண்டி என் பெரியப்பாவுடையது. 24 இஞ்ச் பிரேம், கம்பி பிரேக், 28க்கு ஒன்றரை டயர், எல்லார் வீட்டுத் திண்ணையிலும் சாய்ந்து நின்ற அதே கறுப்பு வண்டி. நகராட்சி அடித்துக் கொடுத்த லைசென்ஸ் வில்லை ஒன்று இன்னும் அதில் தொங்குகிறது, வருஷம் மட்டும் தேய்ந்துவிட்டது. எடை தெரிந்துகொள்ளப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஏற்றினேன். 22 கிலோ. கடைக்காரர் உடனே விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பால்கனியில் சாக்கு விரித்து முழு ஓவராயில் நானே பண்ணினேன். அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பின்சக்கரத்தில் கால் இஞ்ச் குண்டு பக்கத்துக்கு 9, முன்சக்கரத்தில் 3/16 குண்டு பக்கத்துக்கு 10. வீட்டு எவர்சில்வர் தட்டில் எண்ணி வைத்தேன். ஒன்று உருண்டு வாஷிங் மிஷினுக்கு அடியில் போனது, இன்றுவரை வரவில்லை. (அந்தத் தட்டும் சமையலறைக்குத் திரும்பப் போகவில்லை.) குண்டுகள் உருளும் கப், கோன் புதிது, கிரீஸ் தாராளம். அதற்குப் பிறகு சக்கரத்தை நான் பிரிக்கவே இல்லை. சக்கர மையத்தில் இருக்கும் ஹப் நடுவில் ஸ்பிரிங் மூடி போட்ட சின்ன ஓட்டை இருக்கும், மூடியைத் தள்ளி மாதத்துக்கு நாலு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான். தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தைச் சுற்றிவிட்டால், நான் காபி ஆற்றிக் குடிக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பதுதான் பெரிய வித்தை என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. மட்கார்டு கம்பியில் விரலை ஊன்றிக்கொண்டு சாக்பீஸை ரிம்முக்குப் பக்கத்தில் பிடித்துச் சுற்றினால், எங்கே பிதுங்கியிருக்கிறதோ அங்கே வெள்ளைக் கோடு விழும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கத்து ஸ்போக்ஸ் கம்பியை கால் சுற்று இறுக்கி, இந்தப் பக்கத்தைக் கால் சுற்று தளர்த்த வேண்டும். முன்னால் 32 கம்பி, பின்னால் 40. பொறுமை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

இத்தனையும் சரி. வண்டியை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் குளக்கரை வரை போனேன். காற்று, நாரை, நல்ல வெயில். டக்.

பெடல் ஒரு சுற்று, ஒரு டக். அடுத்த சுற்று, அடுத்த டக்.

முதலில் சீட்டு ஸ்பிரிங் என்று நினைத்தேன். எழுந்து நின்று மிதித்தாலும் டக். செயினுக்கு எண்ணெய் விட்டேன், டக். பெடல் கட்டை இரண்டையும் புதிதாக மாற்றினேன். காசு போனது, டக் போகவில்லை. கடைசியில் தெருமுனையில் பஞ்சர் ஒட்டும் பெரியவர் குத்தவைத்து உட்கார்ந்து அரை நிமிஷத்தில் கண்டுபிடித்தார். கிராங்கு, அதாவது பெடல் மாட்டியிருக்கும் தண்டு, இரண்டையும் தரைக்கு மட்டமாக வைத்து, இரண்டு பெடலிலும் ஒரே நேரத்தில் கையை ஊன்றி அழுத்தினார். பாதி சுற்றித் திருப்பி மறுபடி அழுத்தினார். வலது கிராங்கு லேசாக அசைந்தது. "பின்னு நிக்கலீங் தம்பி. சீட்டு மேல பழி போட்டா ஆகுமா?"

காட்டர் பின் என்பது வேறொன்றும் இல்லை, இரும்பு ஆப்பு. ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும். இரண்டு கிராங்கையும் இணைக்கும் ஆக்சிலில் ஒரு வெட்டு இருக்கும். அந்தச் சீவல் இந்த வெட்டில் முழுசாக உட்கார்ந்தால் கிராங்கு அசையாது. முழுசாக உட்காரவில்லை என்றால் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் பின்னை நசுக்கும். நுனியில் இருக்கும் நட்டு பின்னை இழுத்து இறுக்குவதற்கு இல்லை, அடித்து இறக்கிய பின் வெளியே வந்துவிடாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான். இந்த ஒரு வரியை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் முதல் பின் தப்பித்திருக்கும். நான் நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கோ முறுக்கென்று முறுக்க, மரை உருவிக்கொண்டு வந்துவிட்டது.

இரண்டாவது பின்னுக்கு நான் பொறுப்பில்லை. என் வண்டிக்கு வேண்டியது 9.5 மில்லி தடிமன் பின். கடையில் எடுத்துக் கொடுத்தது 9 மில்லி. "எல்லாம் ஒண்ணுதானுங்க" என்றார். அரை மில்லியில் என்ன வந்துவிடும் என்று நானும் வாங்கி வந்தேன். என்ன வந்தது? டக்தான் வந்தது, முன்பைவிடச் சத்தமாக.

மூன்றாவது, அளவு சரி, இரும்புதான் மட்டரகம். சுத்தியலால் நாலு அடி, தலை காளான் மாதிரி விரிந்துகொண்டது. நாற்பது கிலோமீட்டரில் சீவின பக்கம் நசுங்கிப் பள்ளம் விழுந்துவிட்டது. பேரிங்கைக் காப்பாற்ற கிராங்குக்கு அடியில் இரும்பு பைப்பை முட்டுக் கொடுத்துத்தான் அடித்தேன், அதில் தவறில்லை. முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்கக் குண்டு வழியாகக் கப்பில் இறங்கிப் பள்ளம் போட்டுவிடும்.

நாலாவதைப் பற்றிப் பேச விருப்பமில்லை. சுருக்கமாக: அரம் போட்டுச் சீவும்போது சாய்வு கூடிவிட்டது. இரண்டு கிராங்கும் நேர்க்கோட்டில் நிற்காமல், ஒன்று ஒன்பது மணி காட்டினால் இன்னொன்று இரண்டரை. ஒரு வாரம் நொண்டிக் குதிரையில் போகிற மாதிரி போனேன்.

அப்புறம்தான் ரோஷம் வந்தது. பட்டறைகளுக்குப் பேர்போன கோயமுத்தூரில் இருந்துகொண்டு ஒரு பின்னுக்கு அழுவதா? ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் போனேன். பம்ப் ஷாப்ட் கடைந்துகொண்டிருந்தவர் என் பழைய பின்னை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்காகவா வந்தீங்க?" என்றார். ஈ.என். 8 என்ற எஃகுக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்து, 9.5க்குக் கடைந்து, நுனியில் மரை வெட்டினார். சீவலை மட்டும் மிஷினில் பண்ணவில்லை. வைஸில் கட்டி, அரத்தை நீளமாக ஒரே சீராகத் தள்ளினார். நாலு தள்ளு, ஆக்சில் வெட்டில் வைத்துப் பார், மறுபடி இரண்டு தள்ளு. வெட்டில் கறுப்பு மை தடவி, பின்னைச் செருகி எடுத்து, மை எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டினார். ஓரத்தில் மட்டும் ஒட்டியிருந்தது. இன்னும் ஒரு தள்ளு. இப்போது முழுசாக ஒட்டியது. கனமான சுத்தியலால் இரண்டே அடி. தட்தட் என்று கேட்ட சத்தம் இரண்டாவது அடியில் 'டிங்' என்று மாறியது. "உக்காந்துருச்சு. பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டிப்போட்டு இன்னொருக்கா ஒரு அடி அடிச்சு நட்டை இறுக்கிக்கங்க."

காசு கேட்டால் சிரிக்கிறார். வற்புறுத்தி ஒரு இருநூறைப் பையில் செருகிவிட்டு வந்தேன்.

அந்த வலது பின் இரண்டு வருஷமாகச் சத்தமே இல்லை. உழவர் சந்தையில் கேரியரில் பதினைந்து கிலோ காய் கட்டி வந்திருக்கிறேன், அசையவில்லை. அதிகாலையில் அந்த வண்டியில் போவது ஒரு சுகம். உயரத்தில் உட்கார்ந்து, முதுகு நேராக, பிரீவீல் கிர்ர்ர் என்று பேசிக்கொண்டு வர, வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று எல்லாம் தெரியும். மழையில் மட்டும் எடுக்கக் கூடாது. இரும்பு ரிம் நனைந்தால் கம்பி பிரேக் வெறும் அலங்காரம்.

சரி, ஆறாவது பின் எங்கிருந்து வந்தது? இடது பக்கம். அந்தப் பக்கமும் இப்போது டக். கழற்றிப் பார்த்தால் தப்பு பின்னில் இல்லை, ஆக்சில் வெட்டே தேய்ந்து உருண்டிருக்கிறது.  ஆக்சிலை மாற்றுவதுதான் வழி. லூதியானாவிலிருந்து வந்த புது ஆக்சில் வாங்கியாகிவிட்டது, விலை பெரிதில்லை, ஆறு மாசமாக மேஜை டிராயரில் கிடக்கிறது. ஏன் மாட்டவில்லை என்றால், ஆக்சிலை உருவ வேண்டுமானால் வலது கிராங்கையும் கழற்ற வேண்டும். லேத் அண்ணன் உட்கார வைத்த அந்த ஒரே ஒரு நல்ல பின்னை நானே சுத்தியலால் அடித்து வெளியே தள்ள வேண்டும். கை வரவில்லை. அதனால் தேய்ந்த வெட்டிலேயே இடது பின்னைச் சீவிச் சீவி அடிக்கிறேன். மாசத்துக்கு ஒரு முறை இறுக்குகிறேன். இது முட்டாள்தனம் என்று எனக்கே தெரியும்.

ஆகவே மாப்ளே, உன் கேள்விக்குப் பதில்: வேண்டாம்டா. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடு. காட்டர் பின் இல்லாத வண்டி கடையில் எத்தனையோ நிற்கிறது, ஒன்றை வாங்கி ஓட்டு. நிம்மதியாகத் தூங்குவாய்.

நீ கேட்க மாட்டாய். மண்ணெண்ணெய்க்கு அலையாதே, டீசல் போதும். இன்று ராத்திரியே இரண்டு பின்னின் மேலேயும் ஊற்றி ஊற வை, நாளைக்கும் ஊற்று. நட்டை முழுசாகக் கழற்றிவிட்டு அடித்துத் தொலைக்காதே, மரை நசுங்கிவிடும். நட்டை நுனிக்கு மட்டமாக வைத்துவிட்டு அடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரும்பு பைப்போடு வருகிறேன்.