ஆர்.வி. வாடகைக்கு எடுப்பவர்களே, உஷார்! ஆறு நாள் வாடகை போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிய பிறகு எழுதினால் மரியாதையாக எழுதத் தோன்றும், அதற்கு அந்தக் கூட்டம் லாயக்கில்லை.

ஆன்லைனில் ஆர்.வி. (உள்ளேயே படுக்கை, ஃபிரிட்ஜ், டாய்லெட் எல்லாம் இருக்கும் வீட்டு வண்டி) வாடகைக்கு விடும் தளம் ஒன்று. வண்டி ஒருவருடையது, பணம் வாங்குவது தளம், சாவி கொடுப்பது உரிமையாளரின் ஆள். டெபாசிட்டாக ஆறு நாள் வாடகைக்குச் சமமான தொகையை முன்கூட்டியே கறந்துவிடுகிறார்கள். வண்டியைத் திருப்பி விட்டதும் அதை அப்படியே அமுக்கிக்கொண்டார்கள். ஒரு நாள் வாடகை, இரண்டு நாள் வாடகை இல்லை, ஆறு நாள் வாடகை! சொன்ன காரணம்: "வாடிக்கையாளர் பேட்டரியை அடியோடு இறக்கிக் கெடுத்துவிட்டார்."

எப்படி நம்ப வைக்கிறார்கள் என்று பாருங்கள். சாவி வாங்கப் போகும்போது வண்டி யார்டில் நிற்கும், பக்கவாட்டில் கரண்ட் ஒயர் செருகியிருக்கும். கதவைத் திறந்தால் லைட்டெல்லாம் பளிச், ஃபிரிட்ஜ் சில்லென்று, குழாயைத் திருகினால் பம்ப் ஜோராக ஓடும். அந்த ஆள் பேனலில் பட்டனை அழுத்திக் காட்டினான்: 13.6. "பாருங்க சார், பேட்டரி ஃபுல்லு." பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் அந்த நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

அந்த 13.6 பேட்டரியின் அளவே இல்லை. ஒயர் செருகியிருக்கும்வரை சார்ஜர் கொடுக்கும் வோல்ட்டைத்தான் மீட்டர் காட்டும். உள்ளே செத்த பேட்டரி கிடந்தாலும் அதே 13.6தான். ஒயரைப் பிடுங்கி, சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால்தான் உண்மை தெரியும். லெட் ஆசிட் பேட்டரி முழுசாக இருந்தால் 12.6, 12.7. பாதி காலி என்றால் ஏறக்குறைய 12.2. பன்னிரண்டுக்கு வந்துவிட்டால் முக்கால்வாசி காலி.

முதல் ராத்திரியே வேலையைக் காட்டியது. இதில் கொடுமை என்னவென்றால், பேட்டரி போனால் லைட் மட்டும் போவதில்லை. ஹீட்டர் கேஸில் எரிவதுதான், ஆனால் அதன் ப்ளோயர் ஓடுவது 12 வோல்ட்டில். வோல்ட் இறங்கினால் ப்ளோயர் மெதுவாகச் சுற்றும், உள்ளே காற்றை உணரும் சுவிட்ச் மூடாது, அது மூடாதவரை கேஸ் வால்வு திறக்காது. சிலிண்டர் நிறைய கேஸ் இருக்கும், குளிர்காற்று மட்டும் வரும். ஃபிரிட்ஜை கேஸில் ஓட்டினாலும் அதன் கண்ட்ரோல் போர்டுக்கு 12 வோல்ட் வேண்டும், ஆகவே அதுவும் அவுட். பம்ப் நின்றால் டாய்லெட்டுக்கும் தண்ணீர் இல்லை. கேஸ் கசிவு அலாரம் வேறு வோல்ட் போதாமல் கீச் கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும், அதை அணைக்கவும் பயம்.

பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தால் ஆறு செல்லிலும் தகடு தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. ஒரு ராத்திரி டிஸ்சார்ஜ் ஆனதால் பேட்டரித் தண்ணீர் வற்றாது. மாதக்கணக்கில் யார்டில் சார்ஜரிலேயே போட்டுவைத்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றாமல் விட்டால்தான் அந்தக் கதி. போட்டோ எடுத்து, தேதியோடு அனுப்பியாயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது பந்து விளையாட்டு. தளத்தில் கேட்டால், "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், உரிமையாளரைத் தொடர்புகொள்ளவும்." உரிமையாளரைக் கேட்டால், "பணம் அவங்ககிட்டதான சார் இருக்கு, என்னை ஏன் கேக்கறீங்க?" திரும்பத் தளத்துக்கு போன் போட்டால், "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம், 7 வேலை நாள்." ஏழு வேலை நாள் கழித்து ஒரு மெயில்: புகார் தீர்க்கப்பட்டது. யாருக்குத் தீர்ந்தது? ஆறு நாள் வாடகை அவர்களிடம், புகார் மட்டும் தீர்ந்துவிட்டதாம். தகடு வெளியே தெரியும் அந்தப் போட்டோவைப் பற்றி இரண்டு தரப்பும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாவி கொடுத்தவன் போனை எடுப்பதே இல்லை.

விவரமாக ஒரு செக்லிஸ்ட் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு:

கையெழுத்துக்கு முன்னால் ஒயரைப் பிடுங்கச் சொல்லுங்கள். இன்ஜினும் ஓடக் கூடாது, ஓடினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும். லைட், பம்ப், ஹீட்டர் ப்ளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அரை மணி நேரம் நில்லுங்கள். நல்ல பேட்டரி 12க்கு மேலே நிற்கும், செத்தது கண்ணெதிரே சரியும். (லித்தியம் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, காலியாகப் போகும்வரை அது 13ஐ ஒட்டியே நிற்கும்.) "நேரமில்லை சார்" என்றால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

எல்லாக் குழாயையும் மூடிய பிறகும் பம்ப் அவ்வப்போது தானாக ஓடினால் எங்கேயோ கசிகிறது. டயரில் பட்டன் (ரோட்டில் பதியும் ரப்பர் கட்டை) தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், ரப்பர் வயதாகியே கெடும். பக்கவாட்டுக் குறியீட்டின் கடைசி நான்கு எண் 2318 என்றால் 2018ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. கேஸ் அலாரத்துக்கும் காலாவதி உண்டு, எடுத்துப் பார்த்தால் தேதி இருக்கும்.

பிளாக் டேங்க் (டாய்லெட் கழிவுத் தொட்டி) ஃபுல் என்று பேனல் காட்டுவதை வைத்துத் தனியாகக் காசு கேட்பார்கள். சென்சாரில் பேப்பர் ஒட்டியிருந்தாலே ஃபுல் காட்டும். காலி செய்ததை, ஹோஸில் தெளிந்த தண்ணீர் வருவதுவரை வீடியோ எடுத்து வையுங்கள். முதலில் பிளாக், பிறகு கிரே (குளித்த, கழுவிய தண்ணீர் சேரும் தொட்டி).

வண்டி எடுக்கும்போது கூரை, ஆனிங் (பக்கவாட்டில் விரிக்கும் நிழல்பந்தல்) துணி, அடிப்பாகம், பேட்டரிப் பெட்டி உள்பட எல்லாவற்றையும் மூடியைத் திறந்து வீடியோ எடுங்கள், சாவி கொடுக்கிற ஆளின் குரலும் பதிவாகட்டும். டெபாசிட்டை கார்டில் மட்டும் கட்டுங்கள். கார்டு கம்பெனியில் தகராறு எழுப்ப கெடு உண்டு, தளத்தின் "7 வேலை நாளை" நம்பி அதைத் தவறவிடாதீர்கள். ஆறு நாள் வாடகைக்கு அங்கே இப்போதுதான் மனு போட்டிருக்கிறேன், பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.