சொந்த மனையில் வீடா, வாரியக் குடியிருப்பா?

கடலூர் பக்கம் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு அரசு உதவியில் வீடு என்றால், முக்கியமாக இரண்டு வழி. கிராமத்தில் சொந்த மனையும் குடிசையும் இருந்தால் கலைஞர் கனவு இல்லம். நகரத்தில் மனையே இல்லை என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி.

கனவு இல்லத்துக்கு 3.5 லட்சம் ரூபாய், வீடு 360 சதுர அடி. பணம் வேலை நடக்க நடக்கத் தவணையாக வரும். என் மனது இந்தப் பக்கமே சாய்கிறது, ஏனென்றால் கொத்தனாரிடம் நாமே பேசலாம். கழிவறைக் கதவை இரண்டரை அடிக்கு வைத்துவிட்டால் நாற்காலி நிலையில் முட்டி நின்றுவிடும், மூன்றடி கேளுங்கள். அப்புறம் சாய்தளம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். வெள்ளத்துக்குப் பயந்து பேஸ்மட்டத்தை 2 அடி தூக்கினால் 24 அடி. மனையில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்று கடைக்கால் தோண்டும் முன்பே கயிறு பிடித்து அளந்துவிடுங்கள்.

வாரிய வீட்டில் கட்டும் அலைச்சல் இல்லை. ஆனால் தரைத்தளம் கிடைக்காவிட்டால், மின்சாரம் போன நாளில் மருத்துவமனைக்குக்கூட இறங்க முடியாது. மனுவிலேயே தரைத்தளம் என்று எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 37, வீட்டு ஒதுக்கீட்டில் 5 சதவீதம் தருகிறது, பெண்களுக்கு முன்னுரிமையோடு. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்ற சான்றிதழின் நகலை இணைத்துக் கொடுங்கள். சரி, ரசீது வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.