எந்தக் கால் என்று கேட்காத டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டாதீர்கள்

திருச்சியில் ‘மாற்றுத்திறனாளிகளுக்குச் சிறப்புக் கார் பயிற்சி, லைசென்ஸ் உத்தரவாதம்’ என்று போர்டு வைத்திருக்கும் ஒரு டிரைவிங் ஸ்கூலில் 18,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் ஸ்கூலின் பெயரைப் போடவில்லை. அவர்கள் ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துகொண்டால் போதும், பெயர் எதுவானாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு வலது காலில் போலியோ. காலைத் தாங்கிப் பிடிக்கும் கேலிப்பர் போட்டு நடக்கிறேன். சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில்தான் பல வருடமாக வேலைக்குப் போய் வருகிறேன். அது நல்ல வண்டிதான், ஆனால் மழையில் மகளையும் அவள் புத்தகப் பையையும் ஏற்றிக்கொண்டு டிவிஎஸ் டோல்கேட்டைக் கடந்து பாருங்கள், கார் எதற்கு என்று கேட்க மாட்டீர்கள்.

ஸ்கூல் முதலாளி ரொம்ப மரியாதையாகப் பேசினார். நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வரவழைத்தார். “கவலையே படாதீங்க மேடம், உங்களை மாதிரி எத்தனையோ பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கோம், லைசென்ஸ் எங்க பொறுப்பு” என்றார். அவ்வளவு பேசியவர் உங்களுக்குப் பாதிப்பு எந்தக் காலில் என்று கடைசி வரை கேட்கவே இல்லை.

அது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். இடது காலில் மட்டும் பாதிப்பு என்றால் சாதாரண ஆட்டோமேட்டிக் கார் போதும். அதில் கிளட்ச் கிடையாது, ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் வலது காலுக்குத்தான் வேலை. என்னைப் போல வலது காலில் பாதிப்பு என்றால் ஆட்டோமேட்டிக் காரில் ஆக்ஸிலரேட்டரை இடது காலுக்கு வரும்படி மாற்ற வேண்டும், இல்லையென்றால் ‘ஹேண்ட் கன்ட்ரோல்’ என்கிற, கையால் இயக்கும் லீவர் பொருத்த வேண்டும். இரண்டு காலிலும் என்றால் லீவர் மட்டும்தான் வழி. ஆக, ஆளுக்கு ஆள் வண்டியே வேறு. எந்தக் கால் என்று தெரியாமல் எந்த வண்டியில் சொல்லித்தரப் போகிறார்கள்? ‘ஹேண்ட் கன்ட்ரோல் வச்ச ஆட்டோமேட்டிக் வண்டி இருக்கு’ என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள். அன்றைக்கு அது ‘ஒர்க்‌ஷாப்பில்’ இருந்தது. கடைசி வரை அங்கேயேதான் இருந்தது.

பயிற்சிக்கு வந்தது கியர் வைத்த பழைய சின்ன கார். டிரைவிங் ஸ்கூல் வண்டிகளில் டியூயல் கன்ட்ரோல் இருக்க வேண்டும் என்பது விதி. ஆபத்து நேரத்தில் பயிற்சியாளர் வண்டியை நிறுத்துவதற்காக வைத்த ஏற்பாடு அது. இந்த வண்டியில் அவர் பக்கம் கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர் மூன்றுமே இருந்தன. “அக்கா, நீங்க ஸ்டீயரிங்கை மட்டும் பாருங்க, மத்ததை நான் பாத்துக்கறேன், பழகினப்புறம் லீவர் மாட்டிக்கலாம்” என்றான் அந்தத் தம்பி. சொல்வது சரியாகத்தான் பட்டது. கே.கே. நகர்ப் பக்கம் காலையில் காலியாக இருக்கும் தெருக்களில் வளைந்து வளைந்து ஓட்டினோம். அதாவது, அவன் ஓட்டினான், நான் திருப்பினேன்.

ஜங்ஷன் மேம்பாலத்தில் ஏறும்போது அவனுக்கு ஒரு போன் வந்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். வண்டி இரண்டு உதறு உதறி அணைந்து, பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் டவுன் பஸ். எனக்கு எட்டுகிற இடத்தில் இருந்த ஒரே பிரேக் ஹேண்ட் பிரேக். அதை இழுத்துவிட்டேன், நின்றது. அவன் போனை அணைத்துவிட்டு, “சூப்பர்க்கா, நல்லா பழகிட்டீங்க” என்றான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அன்றைக்கே ஆபீஸுக்குப் போய் என் ஃபைலைக் காட்டச் சொன்னேன். காட்ட மனமில்லை, ஆனாலும் காட்டினார்கள். அதில் இருந்தவைதான் இந்தப் பதிவை எழுத வைத்தன.

முதலில் படிவம் 1. எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) விண்ணப்பத்தோடு நாமே நம் உடல் தகுதியைப் பற்றிக் கொடுக்கும் உறுதிமொழி அது. கை கால் அசைவிலோ வலுவிலோ குறை உண்டா என்று அதில் நேரடியாக ஒரு கேள்வி இருக்கிறது. சேர்ந்த அன்று “ஓடிபி வந்திருக்கும் சொல்லுங்க மேடம்” என்று கேட்டு வாங்கி, அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டு ஆன்லைனில் அனுப்பியிருக்கிறார்கள். கேலிப்பரோடு அவர்கள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்! ஏன் இப்படி என்று கேட்டதற்கு, “ஆமான்னு போட்டா டாக்டர் சர்டிஃபிகேட், அது இதுன்னு அலையணும் மேடம், உங்களுக்குத்தானே சிரமம்” என்று பதில். பொய்யான விவரம் கொடுத்து வாங்கிய லைசென்ஸை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-வது பிரிவில் அதிகாரம் இருக்கிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் தோண்டுவதும் இதைத்தான். அப்போது அந்த முதலாளி வந்து நிற்பாரா? இத்தனைக்கும் பொய்க்குத் தேவையே இல்லை. உடல் குறை உள்ளவருக்கு, மாற்றியமைத்த வாகனத்துக்கு மட்டும் என்று வரையறுத்து எல்எல்ஆர் கொடுக்க அதே சட்டத்தின் 8-வது பிரிவிலேயே வழி இருக்கிறது.

அடுத்தது படிவம் 15. யார், எந்த நாளில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஓட்டினார் என்று டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்க வேண்டிய பதிவேடு. கார் பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது, அதில் ஓட்டும் நேரம் மட்டும் 10 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. என் பக்கத்தில் இன்னும் வராத தேதிகளுக்குக்கூட மணிக்கணக்கு எழுதியிருந்தது. கையெழுத்துக் கட்டம் மட்டும் காலி. “இதுல வரிசையா போட்டுடுங்க மேடம்” என்று பேனாவை நீட்டினார்கள். நான் போடவில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் மரியாதையெல்லாம் குறைந்தது.

அங்கே காது கேளாத ஒரு பையனும் அவன் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். ‘காது கேக்காதவங்களுக்கு லைசென்ஸே கிடையாது, உள்ளே சொல்லி வாங்கணும்’ என்று அவர்களிடம் தனியாகப் பணம் கேட்டிருக்கிறார்கள். இது முழுப் பொய். காது கேளாதவர் என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது, டெஸ்ட் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று 2011-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் அவர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று மாநிலங்களுக்கு எழுதியது. அந்த அம்மாவிடம் வெளியே வைத்து இதைச் சொன்னேன். “அப்படியாம்மா, எங்களுக்கு யாரு சொல்றா இதெல்லாம்” என்றார். நமக்குத் தெரியாது என்பதுதான் இவர்களுக்கு மூலதனம். அந்தப் பையனுக்கு வண்டி ஓட்டும்போது எப்படிச் சைகை காட்டுவது என்று முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளக்கூட அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தோளில் தட்டுவார்களாம், அவ்வளவுதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ‘எல்எல்ஆர் எடுத்தாச்சு, இனி ரீஃபண்ட் இல்லை’ என்றார்கள். அப்புறம் இறங்கி வந்து இன்னொரு திட்டம் சொன்னார்கள். நான் வாங்கப்போகும் காரில் அவர்களே குறைந்த செலவில் லீவர் மாட்டித் தருவார்களாம். காட்டிய சாமான், பிரேக் பெடலில் போல்ட் போட்டு முடுக்கும் ஒரு இரும்புக் குழாய். இதை வாங்கிவிடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற கிட்டாக இருக்கிறதா என்று சான்றிதழைக் கேளுங்கள். மாட்டிய பிறகு அந்த மாற்றத்தை ஆர்டிஓ ஆபீஸில் காட்டி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதெல்லாம் தேவையில்லை என்று சொல்பவர் உங்கள் காரைத் தொடவே வேண்டாம்.

சேருவதற்கு முன் எதைப் பார்ப்பது என்று பலர் கேட்டார்கள். வண்டியைப் பாருங்கள், வேறு எதையும் விட வண்டியை. போட்டோவில் பார்த்தால் போதாது, நேரில் போய் உட்கார்ந்து, உங்கள் கையும் காலும் எட்டுகிறதா, நீங்களாகவே பிரேக்கை முழுக்க அழுத்த முடிகிறதா என்று நின்ற வண்டியிலேயே செய்து பாருங்கள். அதன் ஆர்.சி.யில் மாற்றம் ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) முன்னால் டெஸ்ட் கொடுக்கப்போவது எந்த வண்டியில் என்றும் கேளுங்கள், பழகுவது ஒன்று டெஸ்ட் இன்னொன்று என்றால் அர்த்தமே இல்லை. ஸ்கூலின் உரிமம் படிவம் 11-ல் இருக்கும், சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று ஒரு பார்வை. ஓடிபி சொல்வதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

நான் ஆர்டிஓ ஆபீஸில் நடந்ததை எழுதிக் கொடுத்து, பழைய எல்எல்ஆரை விட்டுவிட்டு, மருத்துவச் சான்றோடு புதிதாக விண்ணப்பித்தேன். ஸ்கூலைப் பற்றித் தனிப் புகாரும் கொடுத்திருக்கிறேன். உரிமத்தை நிறுத்தி வைக்கும் அதிகாரம் அந்த ஆபீஸுக்குத்தான் உண்டு. பணத்துக்காக முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன், ஸ்கூலிலிருந்து பாதிப் பணம் தருகிறோம் என்று போன் வந்தது. மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

என் ரசீதில் ‘ஹேண்ட் கன்ட்ரோல் கார் டிரெயினிங்’ என்று எழுதச் சொல்லி வாங்கியிருந்தேன், இப்போது கையில் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான். உங்களிடம் வெறும் வாய்வார்த்தை மட்டும் இருந்தால், சண்டை போடுவதற்கு முன்னாலேயே ‘சார், லீவர் வைத்த வண்டி எப்போது வரும்?’ என்று வாட்ஸ்அப்பில் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டு, வருகிற பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.