சைடு எலிமென்ட் கில்ன், 3 வருஷ அனுபவம்: கதவுப் பக்க மூலை மட்டும் ஏன் உருகல?

ஃப்ரண்ட் லோடிங் கில்ன் (முன்பக்கம் கதவு வச்ச, கண்ணாடி உருக்குற கரண்ட் சூளை, சூடாக்குற கம்பிச்சுருள், அதாவது எலிமென்ட், பக்கச் சுவர்ல இருக்கும்) வாங்கி 3 வருஷம் ஆகுதுங்க. முதல் வருஷம் ஃப்யூசிங் (கண்ணாடித் துண்டுகள சூட்டுல ஒண்ணா ஒட்ட வைக்கிறது) தட்டு மட்டும்தான் போட்டேன், ஒரு குறையும் தெரியல. பிளாஸ்டர் மோல்டுல (அச்சுல) கண்ணாடித் துண்டு போட்டு உருக்கி நிரப்புற காஸ்டிங் ஆரம்பிச்சதும் தலைவலி வந்துச்சு. 3 மூலை கச்சிதமா நிரம்பியிருக்கும், கதவுப் பக்க மூலை மட்டும் கண்ணாடித் துண்டெல்லாம் கல்கண்டு மாதிரி ஒட்டிக்கிட்டு அப்படியே நிக்கும்.

முதல்ல வோல்டேஜ் மேலதான் சந்தேகம். 230 வோல்ட் 200க்கு இறங்கினா பவர் கிட்டத்தட்ட கால்வாசி குறைஞ்சிடும், ஆனா அப்போ மொத்த கில்னும்தானே மெதுவாகணும், ஒரு மூலை மட்டும் எப்படி? அதை யோசிக்காம 830 டிகிரிய 860க்கு ஏத்திட்டேன், தப்பு. அந்த மூலை நிரம்புச்சு, ஆனா பின்பக்கம் பிளாஸ்டர் கண்ணாடியோட ஒட்டி சொரசொரன்னு ஆகி, மோல்டுல வெடிப்பு விட்டு அதுக்குள்ள கண்ணாடி இறங்கி மீன் துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

கண்ட்ரோலர் காட்டுறது பின்சுவர்ல தெர்மோகப்பிள் (சூட்டை அளக்குற சென்சார்) நுனி இருக்கிற அந்த ஒரு இடத்து சூட்டைத்தான். கதவுகிட்ட என்ன நடக்குதுன்னு பாக்க, 3 மிமீ கண்ணாடிய ஒரே அளவு பட்டையா வெட்டி, 5 இடத்துல ரெண்டு ரெண்டு போஸ்ட் (சூடு தாங்குற குட்டித் தூண்) மேல பாலம் மாதிரி வச்சு 670 டிகிரில 10 நிமிஷம் நிறுத்தினேன். பின்னாடி இருந்தது தொட்டில் மாதிரி தொங்கிடுச்சு, கதவுகிட்ட இருந்தது லேசா வளைஞ்சதோட சரி. பிளக்க பிடுங்கிட்டு மல்டிமீட்டர்ல எலிமென்ட் எல்லாம் ஓம்ஸ் பாத்தேன், ஓகே. கதவோட ஃபைபர் பட்டை ஒரு ஓரம் அமுங்கி இடைவெளி விட்டிருந்துச்சு, அங்கதான் சூடு ஓடுது.

பட்டைய மாத்தினேன், மோல்ட கதவுல இருந்து தள்ளி நடுவுல, ஷெல்ஃபுக்கு மேல 2 இஞ்ச் தூக்கி வச்சேன். டெம்பரேச்சர் பழையபடி 830, ஆனா ஏத்துறது மெதுவா, மேல நிறுத்துறது 3 மணி நேரம். இப்போ 4 மூலையும் ஒரே மாதிரி நிரம்புது.

இன்னொன்னு, இதுதான் எனக்கு ரொம்ப வலிச்சது. நிரம்பி வந்த ஒரு பீஸ் அலமாரில வச்ச ரெண்டாம் நாள் தானா விரிஞ்சிடுச்சு. விரிசல் ஓரம் கத்தி மாதிரி கூர்மை, அதனால ஆறும்போது வந்த ஸ்ட்ரெஸ்தான், சூடேறும்போது விரிஞ்சிருந்தா ஓரம் உருகி உருண்டிருக்கும். கதவுப் பக்கம் முன்னாடியே ஆறினா அனீலிங்கும் (உள்ளே ஸ்ட்ரெஸ் தங்காம ஒரே சூட்டுல நிறுத்தி மெதுவா ஆற வைக்கிறது) கோணல்தான். புல்ஸ்ஐ பிராண்டு கண்ணாடிக்கு அனீலிங் 482 டிகிரி. மோல்டுக்குள்ள ஒரு சீரா ஆறாதுன்னு இப்போ 25 மிமீ பீஸ 50 மிமீன்னு கணக்கு போட்டு 8 மணி நேரம் நிறுத்துறேன், அப்புறம் இறக்குறதும் அதே கணக்குலதான்.

எடுத்ததும் எல்சிடி மானிட்டர்ல வெள்ளை ஸ்கிரீன் வச்சு, முன்னாடி பீஸ பிடிச்சு, போலரைஸ்டு கண்ணாடிய ஸ்கிரீன் கறுப்பாகுற வரைக்கும் திருப்பிப் பாருங்க. ஸ்ட்ரெஸ் இருந்தா அந்த இடம் பளீர்னு தெரியும். போன வாரம் எடுத்த பீஸ்ல கதவுப் பக்க மூலையும் கறுப்பாவே இருந்துச்சு.